இருபது டாலரும் ஒரு தவளையும்

அமெரிக்காவில் ஒரு தூண்டில் கடைக்குள் நுழைந்து பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால், நவராத்திரிக்கு முந்தின வாரம் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் வரிசை வரிசையாக வைத்திருப்பார்களே கொலு பொம்மைகள், அதை நினைத்துக் கொள்ளுங்கள். அவ்வளவு வர்ணம், அவ்வளவு தினுசு! ஆனால் இங்கே ராமர் பட்டாபிஷேகத்துக்குப் பதிலாக ரப்பர் மண்புழு. செட்டியார் பொம்மைக்குப் பதிலாக வயிற்றில் கொக்கி தொங்கும் தகர மீன். எல்லாம் ஒரே ஒரு மீனை ஏமாற்றுவதற்கு. அதன் பெயர் பாஸ்.

அலபாமா மாகாணத்தில் ஹன்ட்ஸ்வில் என்ற ஊரில் என் கல்லூரி நண்பர் ஒருவர் எஞ்சினீயராக இருக்கிறார். சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய ராக்கெட் உருவான ஊர் அது. ராக்கெட்டைப் பார்க்கத்தான் நான் போனேன். ஆனால் நண்பரின் பதினொரு வயதுப் பையனுக்கு ராக்கெட் பழைய சங்கதி. "மாமா, நாளைக்கு என்னோடு கன்டர்ஸ்வில் ஏரிக்கு வருகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, உண்டியலை உடைத்து எடுத்த இருபது டாலரை என் முன்னால் நீட்டினான். முதல் முதலாகச் சொந்தத் தூண்டில் சாமான் வாங்கப் போகிறானாம்.

எங்களோடு கடைக்கு வந்தவர் அடுத்த வீட்டு அமெரிக்கக் கிழவர். படகு அவருடையது. பையன் அவரை "தாத்தா" என்றுதான் கூப்பிடுகிறான். அது உறவா, பெயரா என்பது கிழவருக்குத் தெரியாது. ஆனாலும் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். அவருக்குச் சில மாதங்களாகக் கை நடுக்கம். நரம்பில் முடிச்சுப் போட முடிவதில்லை. வேறு யாராவது போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தக் குளிர் காலத்தோடு படகை விற்றுவிடப் போகிறார் என்று நண்பர் என்னிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார். பையனுக்குத் தெரியாது.

இந்த பாஸ் மீனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் மீன் கடைகளில் கொடுவாயை இங்கிலீஷில் "ஸீ பாஸ்" என்பார்கள். அதற்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. இது நன்னீர் மீன். வாயைத் திறந்தால் தாடை கண்ணையும் தாண்டிப் போகும். குணத்தில் நம் விராலுக்குத் தம்பி என்று வைத்துக் கொள்ளலாம். பாசிக்கடியில் பதுங்கிக் கிடந்து, மேலே தவளை போனால் 'டபக்' கென்று பாயும். விரால் பிடிக்க நம் ஊர்க்காரர்கள் தவளையைக் கொக்கியில் கோத்துப் போடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம்.

கடையில் பையன் திக்குமுக்காடிப் போனான். கிழவர் அவன் தோளைப் பிடித்து நிறுத்தி, "மூன்று போதும். அடியில் கிடக்க ஒன்று, நடுவில் ஓட ஒன்று, மேலே மிதக்க ஒன்று" என்றார்.

அடியில் கிடப்பது பிளாஸ்டிக் புழு. 1949-ல் ஒஹையோ மாகாணத்து ஆக்ரன் நகரில் நிக் க்ரீம் என்பவர் வீட்டு அடுப்பில் பிளாஸ்டிக்கைக் காய்ச்சி வார்த்தது இதன் ஆதி வடிவம். தோட்டா மாதிரி ஒரு ஈயக்குண்டை முன்னால் கோத்து, கொக்கியின் முனையைப் புழுவின் உடம்புக்குள்ளேயே ஒளித்துவிட்டால் பாசியில் மாட்டாமல் ஊர்ந்து வரும். நடுவில் ஓடுவது உள்ளே குண்டுமணிகள் கலகலக்கும் தட்டை மீன். கலங்கின தண்ணீரில் கண் தெரியாத மீனுக்கும் காது கேட்குமே! இதற்கு வர்ணம் முக்கியம். தெளிந்த தண்ணீரானால் வெள்ளி நிறம். கலங்கலானால் பளிச்சென்ற மஞ்சள், பச்சை. குளிர் முடிகிற பிப்ரவரி, மார்ச்சில் இந்த ஏரியில் சிவப்புக்குத்தான் மவுசு. கற்களுக்கடியிலிருக்கும் நண்டு போன்ற சிறு பிராணி அந்த நிறமாம்.

மேலே மிதப்பது ரப்பர் தவளை. உள்ளே காலி. இரண்டு கொக்கிகள் முதுகை அணைத்தபடி மேல்நோக்கி இருக்கும். பாசிமேல் இழுத்தால் எதிலும் சிக்காது. மீன் கவ்வும்போது உடம்பு நசுங்கி, கொக்கி வெளியே வரும். பையன் இதை எடுத்தவன் கீழே வைக்கவில்லை.

தவளை எட்டு டாலர், தட்டை மீன் ஏழு, புழுப் பை ஐந்து. சரியாக இருபது. ஆனால் விற்பனை வரி என்று ஒன்று இருக்கிறதே! பையன் முகம் வாடிவிட்டது. வரியை நான் கொடுத்தேன். இந்திய நாட்டுக்கு இதனால் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நஷ்டத்தை நேயர்கள் மன்னிக்க வேண்டும்.

"இவ்வளவு தினுசும் நிஜமாகவே மீனுக்காகவா?" என்று நான் கேட்டேன். கிழவர் சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னார். 1932 ஜூன் 2-ந் தேதி. ஜார்ஜியா மாகாணத்தில் ஜார்ஜ் பெரி என்ற ஏழை விவசாயி, மழையினால் வயல் வேலை இல்லாமல், நண்பனோடு மான்ட்கோமரி ஏரிக்குப் போனார். இருவருக்குமாக இருந்தது ஒரே ஒரு பொய் இரை. மாறி மாறி வீசினார்கள். பெரி வீசும்போது விழுந்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ்! எடை போட்டு எழுதி வைத்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். பஞ்ச காலம் அல்லவா? 2009-ல் ஜப்பானில் பிவா ஏரியில் ஒருவர் பிடித்த மீன்தான் அதற்குச் சமமாக வந்திருக்கிறது.

கதையைச் சொன்ன கையோடு கிழவரே இன்னும் இரண்டு தட்டை மீன் வாங்கிக் கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் விடியற்காலம். அக்டோபர் மாதப் பனி. டென்னஸி நதியை மறித்து 1939-ல் கட்டி முடித்த அணையினால் உண்டான ஏரி இது. எழுபத்தைந்து மைல் நீளம். இந்த டென்னஸி நதித் திட்டத்தைப் பார்த்துத்தான் 1948-ல் நம் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷன் பிறந்தது. ஆகவே தண்ணீரைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் சொந்தம் கொண்டாடத் தோன்றியது.

கரையோரம் ஏக்கர் கணக்கில் பாசி, பச்சைக் கம்பளம் விரித்தாற்போல். எங்களைத் தாண்டி ஒரு படகு சீறிக் கொண்டு போயிற்று. தண்ணீருக்கடியில் மீன் எங்கே நிற்கிறது என்று காட்டும் திரை அதில் மினுமினுத்தது. கிழவர் படகிலும் ஒரு சிறிய திரை உண்டு. அதன்மேல் தம் தொப்பியைக் கவிழ்த்து வைத்திருந்தார்.

கம்புகள் ஆறு. ஏன் ஆறு என்று கேட்டேன். தட்டை மீனுக்கு வளைந்து கொடுக்கிற கம்பு வேண்டும். அதன் சின்ன மூன்றுமுனைக் கொக்கிகள் வெடுக்கென்று இழுத்தால் பிய்த்துக் கொண்டு வந்துவிடும். தவளைக்கோ உலக்கை மாதிரி விறைப்பான கம்பும், பின்னல் நரம்பும். பாசியோடு சேர்த்து மீனைப் பெயர்த்தெடுக்க வேண்டுமே! நரம்பு ஐம்பது, அறுபது பவுண்டு தாங்கும். பாசித் தண்டையே அறுத்துவிடும். நான் லைசென்ஸ் எடுக்காத வெறும் பார்வையாளன். அந்தப் பையனின் வயதுக்கு லைசென்ஸே வேண்டாம்.

பையன் அவசர அவசரமாகத் தானே முடிச்சுப் போட்டு, தவளையை வீசினான். அது பாசிமேல் தத்தித் தத்தி வந்தது. திடீரென்று பச்சைக் கம்பளம் வெடித்தது! வாளித் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டினாற்போல் ஒரு சப்தம். பையன் இழுத்தான், தவளை பறந்து வந்து என் மடியில் விழுந்தது.

"உடனே இழுக்கக் கூடாது. ஒன்று, இரண்டு எண்ணு. நரம்பு கனத்த பிறகு இழு" என்றார் கிழவர்.

அரை மணிக்குப் பிறகு மறுபடியும் வெடித்தது. பையன் வாய்விட்டு எண்ணினான், இழுத்தான். கம்பு வளைந்தது. அப்புறம் திடீரென்று நிமிர்ந்துவிட்டது. நரம்பு நுனி சுருண்டு திரும்பி வந்தது. முடிச்சு வழுக்கிவிட்டது! மீனும் போயிற்று, எட்டு டாலர் தவளையும் போயிற்று. தவளை மிதக்குமே, மீன் உதறிவிட்டிருக்குமே என்று வெகு நேரம் தேடினோம். கிடைக்கவில்லை. பையன் அழவில்லை, ஆனால் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "அந்த மீன் வாயில் கொக்கி இருக்குமா, தாத்தா?" என்று மட்டும் கேட்டான்.

கிழவர் பதில் சொல்லாமல் தம் கம்பை எடுத்து அவனிடம் கொடுத்தார். பெட்டியிலிருந்து கறுப்புத் தவளை ஒன்றையும் எடுத்தார். "எனக்கு நீ கட்டிக் கொடு" என்றார்.

நரம்பை இரட்டையாக மடித்துத் தவளையின் மூக்கு வளையத்தில் நுழை. தளர்வாக ஒரு சுருக்கு. இப்போது தவளையையே அந்தச் சுருக்குக் கண்ணி வழியாகவிடு. இழுப்பதற்கு முன் எச்சில் தொட்டு நனை. உலர்ந்த நரம்பு இறுகும்போது ஒன்றையொன்று தேய்க்கும். பாலோமர் முடிச்சு என்று பெயர். ஒவ்வொரு படியையும் கிழவர் வாயால் சொல்ல, பையன் விரல்கள் செய்தன. அவன் விரல்களும் நடுங்கின. இரண்டு முறை அவிழ்த்து, மூன்றாம் முறை கட்டினான்.

கிழவர் வீசும்போது கையில் நடுக்கம் இல்லை. இது எப்படியென்று எனக்குப் புரியவில்லை. பாசியில் ஒரு சிறு ஓட்டை. அதன் விளிம்பில் தவளையை நிறுத்தி வைத்தார். நிறுத்தினார், நிறுத்தினார், அப்படி நிறுத்தினார். பையன் மூச்சுவிடவில்லை. வெடித்தது! ஒன்று, இரண்டு... கம்பு வில்லாக வளைந்தது. பையன் மீனைப் பார்க்கவில்லை ஸார், நரம்பையே பார்த்துக் கொண்டிருந்தான். பத்துச் சேர் பாசியோடு சேர்ந்து படகோரம் வந்தது மீன். கிழவர் கீழுதட்டைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கினார். நாலரைப் பவுண்டு.

தண்ணீரில் திரும்ப விட்டுவிட்டார்கள். நான் சைவம், ஆகவே அந்தத் தீர்ப்பில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கத்தரிக்கோலை நீட்டியபோது பையன் முடிச்சை வெட்டவிடவில்லை. அதே முடிச்சோடு மத்தியானம் வரை வீசினார்கள். அப்புறம் ஒன்றும் விழவில்லை.

திரும்பும் வழியில் அதே கடையில் இறங்கி இரண்டு தவளை வாங்கினேன். ஒன்று பையனுக்கு. இன்னொன்று சென்னையில் என் மேஜைமேல் உட்கார்ந்திருக்கிறது, கொக்கியைக் கழற்றியாயிற்று.

படகு விலை போயிற்றா என்று சென்ற மாதம் நண்பரைக் கேட்டேன். "இன்னும் இல்லை. சனிக்கிழமைதோறும் இவன் போய் ஆறு கம்புக்கும் முடிச்சுப் போட்டுவிட்டு வருகிறான்" என்றார்.