இடுப்புக்குக் கீழே ஒரு மேடு

திருக்கழுக்குன்றம் பஸ் ஸ்டாண்டு. செங்கல்பட்டு வண்டிக்குக் கூட்டம். சிமெண்ட் திண்ணையில் ஒரு தாய், மடியில் பெரிய ஸ்கேன் கவர். பக்கத்தில் மகள், எட்டு வயதிருக்கும். இடது பாதம் மற்றதைவிடச் சிறுத்து, விரல்கள் உள்ளே மடங்கியிருக்கின்றன. அந்தச் செருப்பு மட்டும் முன்முனை தேய்ந்திருக்கிறது. சுண்டுவிரல் ஓரத்துப் புண்ணில் ஈ மொய்க்கிறது. அவள் காலை உதறவில்லை. உணர்ச்சி இருந்தால்தானே உதறுவாள்.

தாழக்கோயில் பக்கமிருந்து பூக்கூடையோடு வந்த ஆயா கேட்கிறார்: "கொயந்தைக்கு இன்னாம்மா?"

"முதுகுல கட்டி, ஆயா. பொறந்தப்பவே மெத்துன்னு இருந்துச்சு. வெறும் கொழுப்புக் கட்டி, ஒண்ணும் பண்ணாதுன்னுட்டாங்க. இப்ப பகல்லயே பாவாடையில போயிடுறா. கொழுப்பெடுத்துப் பண்றான்னு அடிச்சுகூட இருக்கேன்."

கடைசி வாக்கியத்தில் குரல் உடைகிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பெரியவர்கள் கையிலும் தோளிலும் வரும் கொழுப்புக் கட்டி பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும். இது அதுவல்ல. தண்டுவடம் உருவாகும் கருவின் முதல் வாரங்களிலேயே கொழுப்பு அதோடு ஒட்டிக்கொள்கிறது. முள்ளெலும்பு பின்னால் சரியாக மூடாத இடைவெளி வழியே தோலடி வரை நீள்கிறது. பிள்ளை வளர, முதுகெலும்பு நீளும். இடுப்பின் முதல் இரண்டு முள்ளெலும்பு உயரத்தில் முடிய வேண்டிய தண்டுவடமோ கீழேயே கட்டுண்டு கிடக்கும். கன்று வளர்ந்தும் முளைக்கயிறு நீளாத கதை. இழுபடும் நரம்புக்கு ரத்தம் குறைகிறது. காலும் சிறுநீர்ப்பையும் தளர்கின்றன. டாக்டர்கள் 'டெதர்டு கார்டு' என்கிறார்கள்.

அடித்துத் திருத்துகிற பழக்கமா இது!

"ஆப்பரேசனா?"

"ஆமா. கட்டிய முழுசா எடுக்க முடியாதாம். நரம்ப விடுவிச்சா மேற்கொண்டு மோசமாகாம நிக்கும்ங்கிறாங்க. போனது எவ்ளோ திரும்பும்னு சொல்ல முடியாதாம். வளர்ற வயசாச்சே, திரும்ப ஒட்டிக்கவும் செய்யுமாம்."

ஆயா கூடையைத் தள்ளி வைத்துவிட்டு நெருங்கி உட்கார்ந்தார். "எம்பேத்தி புள்ளைக்கும் பின்னாடி மயிரு கத்தையா இருக்குது. எண்ணெ தேய்க்கச்சொல்ல பாத்தேன். உங்கொயந்தைக்கு எந்த எடத்துல?"

தாய் மகளைத் தொடவில்லை. தன் முதுகையே திருப்பி, சேலைக்கட்டுக்குக் கீழே நடுவில் விரலை வைத்துக் காட்டினாள்.

"இங்க, ஆயா. நடுவுல மேடோ, மயிரோ, ஆழமா குழியோ இருந்தா விட்றாதீங்க. புள்ளைக்கு எத்தினி மாசம்?"

"ரெண்டு."

"அப்ப வயித்துக்கு எடுப்பாங்களே, அந்த ஸ்கேன்லயே பாத்துடலாம். எலும்பு கெட்டியாயிட்டா எம்.ஆர்.ஐ. வேணும். இன்னிக்கே கூட்டிப் போகச் சொல்லுங்க."