அந்தி வானத்தின் நாட்குறிப்பு

அந்தி வானத்தை நாள்தோறும் வரைபவர் ஒரே இடத்தில் அமர்ந்தாலும், பார்க்கும் திசையும் நேரமும் மாதத்துக்கு மாதம் மாறிக்கொண்டே இருக்கும். லண்டனில் டிசம்பர்ச் சூரியன் மாலை 4 மணிக்குள் தென்மேற்கில் இறங்கிவிடுகிறது. ஜூனில் அது வடமேற்குக்கு நகர்ந்து, இன்றைய கடிகாரப்படி இரவு 9 மணிக்கு மேல் மறைகிறது. இரண்டு இடங்களுக்கும் இடையே ஏறக்குறைய கால் வட்டத் தூரம். சென்னையில் சூரியன் மறைந்து அரை மணிக்குள் இருட்டிவிடும். லண்டனின் கோடையில் மங்கல் வெளிச்சம் முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நீள்கிறது.

அந்தி வானத்தை வரையும் வேலையில் பெரும் உழைப்பைக் காட்டியவர் ஓவியர் வில்லியம் ஆஸ்கிராஃப்ட். 1883ஆம் ஆண்டின் இலையுதிர்காலம் தொடங்கி 1886 வரை, லண்டனின் செல்சி பகுதியில் தேம்ஸ் ஆற்றங்கரையிலிருந்து அவர் வரைந்த வானக் காட்சிகள் 500க்கும் மேல். அவருக்கு முன்பே ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் ஹாம்ஸ்டெட் குன்றிலிருந்து மேகங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து, பல தாள்களின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசை ஆகியவற்றை எழுதி வைத்திருந்தார்.

ஆஸ்கிராஃப்ட் கையாண்டது பேஸ்டல். வண்ணத்தூளையும் சுண்ணத்தையும் சிறிதளவு பிசின் சேர்த்துக் குச்சிகளாக உருட்டிக் காயவைத்தால் பேஸ்டல். நீர்வண்ணம் லண்டன் குளிர்கால ஈரத்தில் எளிதில் காயாது. எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்காகும். பேஸ்டலை எடுத்துச் சொரசொரப்பான தாளில் தேய்த்த கணமே நிறம் நின்றுவிடும். அந்திக்கு அந்த வேகம் வேண்டும். அடிவானத்தை ஒட்டி மஞ்சளும் ஆரஞ்சும், மேலே இளஞ்சிவப்பு, உச்சியை நோக்கிச் சாம்பல் கலந்த நீலம் என்று ஒரு தாள் நிரம்புவதற்குள் மஞ்சள் சிவப்பாகியிருக்கும். மாற்றத்தின் வேகத்துக்கு ஈடுகொடுக்க, சுருக்கெழுத்துப் போல நிறங்களை மட்டும் பிடித்துவைத்ததாக ஆஸ்கிராஃப்ட் கூறியிருக்கிறார். இன்னொரு தொல்லையும் உண்டு: வெளிச்சம் குறையும்போது மனிதக் கண்ணுக்குச் சிவப்பு முதலில் கறுக்கும், நீலம் தூக்கலாகத் தெரியும். அதனால் கையிலிருக்கும் குச்சியின் நிறத்தையே நம்ப முடியாது. குச்சிகளைத் தட்டில் மாறாத வரிசையில் அடுக்கி, தடவி எடுப்பதுதான் இதற்கு வழி.

அவர் வரையத் தொடங்கிய காலத்தில் வானம் இயல்பாக இல்லை. 1883 ஆகஸ்ட் 27 அன்று ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் இடையே கிரகடோவா எரிமலை வெடித்தது. 36,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது அதனால் எழுந்த ஆழிப்பேரலை. எரிமலையின் கந்தக வாயு வளிமண்டலத்தின் மேலடுக்கில் நுண்ணிய அமிலத் துளிகளாக மாறி உலகைச் சுற்றிப் பரவியது. செப்டம்பரிலேயே சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தின் முதல் இயக்குநரான சார்லஸ் மிச்சி ஸ்மித், அந்தப் பச்சைச் சூரியனின் ஒளியை நிறமாலைமானியால் ஆராய்ந்து எழுதினார். நவம்பரில் லண்டன் வானம் சிவந்தது. தரையில் இருட்டிய பிறகும் மேலடுக்குத் துளிகள் மீது சூரிய ஒளி பட்டுக்கொண்டிருந்ததால், ஒருமுறை அடங்கிய செம்மை மீண்டும் எழுந்தது. அமெரிக்காவின் போகீப்சி நகரில் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று தீயணைப்பு வண்டிகளையே வரவழைத்துவிட்டார்கள்.

அக்காலப் புகைப்படத் தகடுகளுக்குச் சிவப்பு பெரும்பாலும் புலப்படாது. நிறங்களைக் காட்டவும் அவற்றால் இயலாது. ஓவியரின் கைதான் அப்போதைய கருவி. 1883 நவம்பர் 26 மாலையில் ஆஸ்கிராஃப்ட் அடுத்தடுத்து வரைந்த காட்சிகளை, லண்டன் ராயல் சொசைட்டி 1888இல் வெளியிட்ட கிரகடோவா அறிக்கையின் முகப்பில் வண்ணக் கல்லச்சில் பதித்தது. நிறத்துக்கு ஒரு கல்லாக, ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் அச்சிட்ட தொழிலாளர்களின் பங்கும் இதில் சிறிதல்ல.

இந்த ஓவியங்களின் மதிப்பு அவற்றின் அழகில் மட்டும் இல்லை. தனியாக ஒரு செவ்வானப் படத்தைப் பார்ப்பவர், ஓவியர் நிறத்தைக் கூட்டிவிட்டார் என்று ஒதுக்கிவிடலாம். இடம் மாறாமல், தேதியோடு, மூன்றாண்டு தொடர்ந்த வரிசையை அப்படி ஒதுக்க முடியாது. செம்மை குறைந்து மங்கிய மாலைகளின் தாள்களும் இருப்பதால்தான் சிவந்த மாலைகளின் அளவு தெரிகிறது. கிரேக்க அறிவியலாளர் கிறிஸ்டோஸ் ஸெரெஃபோஸும் உடன் ஆய்வாளர்களும் 1500 முதல் 1900 வரையிலான அந்தி ஓவியங்களில் சிவப்புக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிட்டு, எரிமலை வெடிப்புகளுக்குப் பிந்தைய ஆண்டுகளில் அது உயர்வதை 2007இல் காட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்ட ஓவியர்களில் ஆஸ்கிராஃப்டும் ஒருவர். அவருடைய தாள்கள் இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன.

மாலை வானத்தை வரைகிறவர்கள் படத்தின் பின்புறம் தேதி, நேரம், திசை மூன்றையும் எழுதி வையுங்கள்.