ஈரைப் பேனாக்கினோம்

சொல்லக் கூசுகிற செய்தியொன்றை இம்மாதம் எழுதத் துணிகிறேன். பேன்! பெண் குழந்தைகள் உள்ள இல்லம் எதுவும் இதனை அறியாததன்று. என் இளமையில், மாலை வேளையில் அம்மா ஈர்வலியோடு திண்ணையில் அமர்வார். அக்காமார் ஒருவர்பின் ஒருவராக அவர் மடியில் தலை சாய்ப்பர். அதில் வெட்கம் இருந்ததாக நினைவில்லை. வெட்கம் பின்னால் வந்தது. அதை உண்டாக்கியதில் எனக்கும் பங்குண்டு.

2003-ஆம் ஆண்டு திருச்சியில் ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தாளாளராக இருந்தேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தலையில் பேன் ஊர்வதாகத் தாய்மார் சிலர் முறையிட்டனர். திருவரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் கடந்து நகரப் பேருந்தில் வருபவள் அவள். தாய் உத்திர வீதியோரம் பூக்கட்டி விற்பவர். "தலை சுத்தமாகும்வரை வகுப்புக்கு வரவேண்டாம்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையொப்பமிட்டேன். விசாரிக்கவில்லை; குழந்தையின் முகத்தையும் பார்க்கவில்லை. ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்பார்களே, பெருமாள் ஊர்க் குழந்தையிடம் நான் அதையே செய்தேன்.

அன்றிரவே தாய் மண்ணெண்ணெயைத் தலையில் தேய்த்துத் துணியால் இறுகக் கட்டிவிட்டார். தோல் வெந்து கொப்பளித்தது. பத்து நாள் கழித்துச் சிறுமி மொட்டைத் தலையோடு வந்தாள். வேளாங்கண்ணிக்கோ சமயபுரத்துக்கோ நேர்ந்துகொண்டு முடியிறக்கிய குழந்தையைத் தெருவே கொஞ்சும். இந்த மொட்டையைக் கண்டு வகுப்பே நகைத்தது. மறுநாள் அவள் வரவில்லை.

அடுத்த வாரம், முறையிட்ட தாய்மாரின் குழந்தைகள் அறுவர் தலையைச் சொறியத் தொடங்கினர்!

அப்போதுதான் அரசு மருத்துவர் ஒருவரை நாடினேன். பேனின் உமிழ்நீர் உடலுக்கு ஒவ்வாமையால்தான் அரிப்பு உண்டாகிறது. முதன்முறை பேன் பற்றியவர்க்கு அது தோன்றவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம் என்றார். ஆகவே நாம் முதலில் கண்டுபிடித்த தலையே முதலில் பற்றிய தலை என்பது பேதைமை. பேனுக்குச் சிறகில்லை, குதிக்கவும் தெரியாது, தலையோடு தலை உரசும்போது ஊர்ந்து செல்லும். தலையை விட்டு இறங்கினால் இரண்டொரு நாளில் மடியும். அழுக்குத் தலை, கழுவிய தலை என்ற வேறுபாடும் அதற்கில்லை. இஸ்ரயேல் நாட்டில், விவிலியம் கூறும் இலாக்கிசு நகரின் இடிபாடுகளில் 2016-இல் ஒரு தந்தச் சீப்பு கிடைத்தது. ஏறத்தாழ 3,700 ஆண்டுப் பழமையுடையது. தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேன் ஒழியவேண்டும் என்ற வேண்டுதல் அதில் பொறிக்கப்பட்டிருப்பதை 2022-இல் அறிஞர் வெளியிட்டனர். தந்தத்தில் சீப்பு வைத்திருந்த செல்வர் தாடியிலும் பேன் இருந்திருக்கிறது, பாருங்கள்!

ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் செல்லும். மருந்து பேனைக் கொல்லுமேயன்றி எல்லா ஈர்களையும் கொல்லாது. பெர்மெத்ரின் 1 விழுக்காட்டு மருந்தை மருத்துவர் சொற்படி பூசி, பத்து நிமிடம் கழித்து அலசி, பேன்சீப்பால் பொறுமையாக வாரவேண்டும். ஒன்பதாம் நாள் மறுபடியும் அவ்வாறே செய்யவேண்டும். பலரும் தவறவிடுவது இந்த இரண்டாம் முறையைத்தான். வீட்டில் பேனுள்ள அனைவருக்கும் ஒரே நாளில் செய்யாவிடில் உழைப்பெல்லாம் வீண். சீத்தாப்பழ விதையை அரைத்துத் தேய்க்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கும். மண்ணெண்ணெயைப் பற்றி நான் இனிச் சொல்லவேண்டியதில்லை. பேனுக்காகக் குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்தலாகாது என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் அறிவுறுத்துகிறது.

ஒரு சனிக்கிழமை தாய்மாரையும் பிள்ளைகளையும் பள்ளி முற்றத்திற்கு வரவழைத்தோம். எல்லாருக்கும் முன்பாகத் தலைமையாசிரியை தம் கொண்டையை அவிழ்த்துப் பேன்சீப்பை எடுத்தார். பிறகு எவரும் தயங்கவில்லை.

அன்று மாலை திருவரங்கம் சென்றேன். "தவறு என்னுடையது, அம்மா" என்றேன். அவர் பூக்கட்டும் கையை நிறுத்தவில்லை. "சீட்டு எழுதறதுக்கு முந்தி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், சாமி" என்றார். மகளை அதற்குள் அங்கேயே வேறொரு பள்ளியில் சேர்த்துவிட்டிருந்தார்.