மொய் நோட்டில் 214 மணி நேரம்

டெகரேட்டர் தந்த மதிப்பீடு இரண்டு பக்கம். மேடைக்குப் பின்னால் ஆர்க்கிட் பூச்சுவர், வாசலில் மலர் வளைவு, நாற்காலிகளுக்கு உறை, மணமக்கள் நடந்து வர விளக்குப் பாதை. கடைசி வரியில் மொத்தத் தொகை: ரூ. 1,35,000. அதற்குக் கீழே பொடி எழுத்தில், பூ விலை ஏறினால் தொகையும் ஏறும் என்று ஓர் எச்சரிக்கை.

தெற்குக் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் அந்த வீடு. முருங்கைக்காய், கறிவேப்பிலை, வாழையிலை என்று தேடித் தமிழர்கள் பல காலமாக வந்துபோகும் சந்தை அது. அம்மா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அப்பா காலமாகி ஒன்பது ஆண்டுகள். ஒரே மகள், தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்காளர். மாப்பிள்ளை வங்காளி; அதே அலுவலகத்தில் வேலை. 2024 தை மாதத்தில் கல்யாணம். நாள் குறிப்பதில் மட்டும் இரு வீட்டாருக்கும் தகராறு வரவில்லை. தமிழர்களுக்கு மார்கழி ஆகாது என்றால் வங்காளிகளுக்குப் பௌஷ் ஆகாது. இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதம்தான்.

"பேங்க்ல இருக்கிற டெபாசிட்டை எடுத்துடலாம்" என்றார் அம்மா.

"அது உன் முழங்கால் ஆபரேஷனுக்கு" என்றாள் மகள். "பூவுக்கு இல்லை."

அம்மாவின் கவலை உண்மையில் பூவைப் பற்றியதல்ல. கணவன் இல்லாத வீடு, அதனால்தான் இப்படி மொட்டையாக நடத்தினார்கள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். மும்பையிலிருந்து மாமா தொலைபேசியில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார். "கடன் வேணும்னா நான் தரேன். ஊர் சிரிக்கிற மாதிரி மட்டும் பண்ணாதீங்கோ."

மகள் பிடிவாதக்காரி. அலங்காரத்தை வீட்டிலேயே செய்வது என்று முடிவெடுத்தாள். 'எங்கள் டெகரேட்டரைத்தான் வைக்க வேண்டும்' என்று நிபந்தனை போடாத ஒரு சிறிய கல்யாண வீட்டைத் தேடிப் பிடித்தாள். முதலில் பார்த்த மூன்று இடங்களிலும் அந்த நிபந்தனை இருந்தது. பிறகு ஒரு நோட்டு வாங்கி இரண்டு பத்தி பிரித்தாள். ஒன்றில் ரூபாய். மற்றதில் யார், எத்தனை மணி நேரம் என்று. கணக்காளர் புத்தி. "கையால செஞ்சா செலவில்லைன்னு எல்லாரும் சொல்றா. கை யாரோடதுன்னு யாரும் எழுதறதில்லை" என்பது அவள் வாதம்.

பொங்கல் முடிந்த கையோடு கும்பகோணத்திலிருந்து பெரிய அத்தை வந்து இறங்கினார். வயது எழுபத்தொன்று. கூடத்தில் பரப்பி வைத்திருந்த வெள்ளைத் தண்டுகளைப் பார்த்ததும், "அடி, இது நெட்டி இல்லையோ?" என்றார்.

நெட்டியேதான். வங்காளத்தில் அதன் பெயர் சோலா. சதுப்பு நிலத்தில் வளரும் செடி. பழுப்புத் தோலைச் சீவினால் உள்ளே பால் வெள்ளையில் தக்கை. மாலாகார் என்னும் சமூகத்தினர் அதை நீளக் கத்தியால் சுருள் சுருளாகச் சீவி, துர்க்கைக்கு நகையும் மாப்பிள்ளைக்கு 'டோப்போர்' என்ற கூம்புக் கிரீடமும் செய்கிறார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் அதே தக்கையில் பெரிய கோவிலையே செதுக்குவார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அத்தைக்கு நினைவு வந்தது கோவில் அல்ல. "மாட்டுப் பொங்கலுக்கு நாம மாட்டுக் கழுத்துல கட்டறதை இவா மாப்பிள்ளை தலையில வைக்கறாளா?" என்றார் உரக்க. மாப்பிள்ளையின் தம்பி அப்போது அடுத்த அறையில் இருந்தான். நல்லவேளை, அவனுக்குத் தமிழ் தெரியாது.

நெட்டியைத் தாளாகச் சீவுவது ஒரு வாரத்தில் வரும் வித்தை இல்லை. முதல் நாளே இரண்டு விரல்களில் பிளாஸ்திரி. எதைக் கையால் செய்யக்கூடாது என்று தெரிந்துகொள்வதும் சிக்கனம்தான். சீவிய சுருள்களை மாலாகார் ஒருவரிடம் காசு கொடுத்தே வாங்கினார்கள். வீட்டில் செய்தது பூ மட்டும். சுருளை நாடாவாக நறுக்கி, ஓர் ஓரத்தில் கத்திரியால் பல் வைத்து, சுருட்டி, அடியில் நூலால் கட்டினால் பூ மலர்ந்துவிடும். ஒரு பூவுக்கு ஐந்து நிமிடம். வாடாது என்பதால் பத்து நாள் முன்பே தொடங்க முடிந்தது. கீழ் வீட்டு மாஷிமா தினமும் சாயங்காலம் வந்து தொலைக்காட்சித் தொடர் பார்த்துக்கொண்டே கொஞ்சம் பூ கட்டிவிட்டுப் போவார்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். சம்பந்தியை வங்காளத்தில் 'பெயான்' என்று அழைப்பார்கள்; தமிழ்க் காதுக்கு அது கொஞ்சம் திடுக்கிடும். அம்மா அவசர அவசரமாக நெட்டிக் குப்பையைப் போர்வையால் மூடப் பார்த்தார். வந்தவர் போர்வையை விலக்கினார். தன் கல்யாணத்துக்குத் தட்டுகளையும் மணைப் பலகையையும் சித்திகளும் அக்காக்களும்தான் அலங்கரித்தார்கள் என்றார். பெரிய மகன் கல்யாணத்தில் எல்லாவற்றையும் கான்ட்ராக்டில் விட்டாராம். "அழகாகத்தான் இருந்தது. ஆனால் எந்தத் தட்டு யார் செய்தது என்று சொல்ல எதுவுமில்லை" என்றவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வங்காளிக் கல்யாணத்தில் இரு வீட்டாரும் அனுப்பிக்கொள்ளும் சீர்வரிசைக்குத் 'தத்வா' என்று பெயர். ரோகு மீனுக்கு மூக்குத்தி மாட்டிப் புடவை சுற்றி அனுப்புவது அதில் விசேஷம். சைவ வீட்டுக்குப் பச்சை மீனா? சம்பந்தியம்மாள் பட்டுப்புடவை ஒன்றையே செதிலும் வாலுமாக மடித்து மீனாக்கிக் காட்டினார். அத்தை தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நாறாது" என்று சான்றிதழ் கொடுத்தார்.

கோலம் போடும் இடத்தில்தான் இரண்டு வீடும் ஒன்றாயின. வங்காளத்தின் ஆல்பனாவில் புள்ளி கிடையாது. கொடி, நெற்கதிர், சங்கு, லட்சுமியின் பாதம். ஆனால் செய்முறை ஒன்றே. ஊறவைத்த அரிசியை நைஸாக அரைத்து, துணித் துண்டை அதில் தோய்த்து, கைக்குள் பிழிந்து, மோதிர விரல் வழியே வழியவிட்டு இழுப்பது. பெண்கள் தரையில் இட்ட இந்த வரைவுகளைப் பற்றி அபனீந்திரநாத் தாகூர் 1919ல் 'பாங்லார் பிரத' என்ற நூலில் எழுதினார். நந்தலால் போஸ் காலத்துச் சாந்திநிகேதனில் அது கலைப் பாடமாயிற்று. கலை என்ற பெயர் வந்தது. வீடுகளில் குனிந்து போட்டவர்களுக்கு வந்தது முதுகு வலி மட்டும்தான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு அத்தை படிக்கோலத்தையும் சம்பந்தியம்மாள் அதைச் சுற்றிக் கொடியையும் இழுத்தார்கள். ஈரத்தில் கோடு கண்ணுக்கே தெரியவில்லை. மகள் பதறினாள். "காயட்டும்" என்று இருவரும் அவரவர் மொழியில் சொன்னார்கள். அரை மணியில் தரை வெள்ளையாகப் பூத்தது.

அன்று இரவுதான் குருத்தோலைத் தோரணம். முன்னதாகச் செய்தால் ஓலை பழுத்துவிடும். ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த ஓலையைப் பையன்களிடம் கொடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் தம்பியும் அவன் நண்பர்களும் செல்போனில் பார்த்து ஓலைக்கு மூன்று குருவியாக மடித்துத் தள்ளினார்கள். நாற்பது முடிந்த பிறகுதான் அத்தை கவனித்தார். "நாலு குருவின்னா மங்கலம். மூணு துக்க வீட்டுக்கு!" நாற்பதும் குப்பைக்குப் போயின. முதல் முறையாக அந்த வீட்டில் அழுகை கேட்டது. அழுதது மணப்பெண். களைப்புதான் காரணம். ஓலை பாதிதான் மிச்சம். வாசலுக்கு மட்டும் குருத்தோலை, உள்ளே மாவிலை என்று அத்தை திட்டத்தை மாற்றினார்.

விடிவதற்கு முன் ஹௌரா பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தைக்கு வேன் போயிற்று. முகூர்த்த நாள், விலை கொஞ்சம் கூடுதல். வாங்கியது செண்டுப்பூ மட்டும். காலையில் தாலி, மாலையில் சிந்தூரம் என்று இரண்டு சடங்கும் ஒரே மேடையில். ராத்திரி வரை தாக்குப்பிடிக்கும் பூ வேண்டும். நெட்டியின் வெள்ளையும் செண்டுப்பூவின் மஞ்சளும், இரண்டே நிறம். வந்தவர்கள் பார்த்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் "இன்னும் லைட் போட்டிருக்கலாம்" என்றார். ஊர் ஒன்றும் சிரிக்கவில்லை.

நோட்டு என்ன சொல்கிறது? நெட்டிச் சுருள் ரூ. 6,500. பூவும் மாவிலையும் 7,200. வாழைமரம், குருத்தோலை 2,800. மணைப் பலகை, சாயம், தட்டுகள் 3,400. வேன், டீ, சாப்பாடு 5,600. ஆக 25,500 ரூபாய். அடுத்த பத்தியில் 17 பேர், 214 மணி நேரம். மணிக்கு நூறு ரூபாய் என்று கூலி வைத்தால் இன்னும் 21,400. அப்படியும் டெகரேட்டர் கேட்டதில் பாதிகூட வரவில்லை. ஆனால் அந்த 214ல் ஆண்கள் ஐந்து பேர் தந்தது 43 மணி நேரம். மீதி 171ம் பெண்களுடையது; அதில் 46 அத்தையுடையது மட்டும். மகள் அந்த எண்ணின் அடியில் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். சிக்கனக் கல்யாணம் என்று பாராட்டியவர்களிடம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டினாள்.

அத்தை நோட்டைப் புரட்டிவிட்டு, "இது மொய் நோட்டுன்னா?" என்றாராம். பணமாக வந்த மொய்யைப் பணமாகத் திருப்ப வேண்டும். உழைப்பாக வந்ததை உழைப்பாகத்தான் திருப்ப முடியும். கான்ட்ராக்டருக்குக் காசு கொடுத்தால் அன்றோடு கணக்குத் தீர்ந்தது. இந்தக் கணக்கு தீராது.

டெபாசிட் உடையவில்லை. அந்த ஆண்டு மழைக்காலத்தில் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தது. 2025 மாக மாதத்தில் கீழ் வீட்டு மாஷிமாவின் தங்கை மகளுக்குக் கல்யாணம். தரையில் உட்கார முடியாததால் நாற்காலியில் அமர்ந்து, மூன்று சாயங்காலம் அம்மா நெட்டிப் பூ கட்டிக் கொடுத்தார். மாஷிமா பெயருக்கு நேரே நோட்டில் இருப்பது ஒன்பது மணி நேரம். அம்மா திருப்பியது ஆறு.

இன்னும் மூன்று மணி நேரம் பாக்கி.