பாசி தின்னா முட்டை போடுமா?

பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கம்மா வளர்க்கும் நாட்டுக்கோழி முட்டையில்தான் என் பஸ் செலவு ஓடுகிறது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். தீவன விலை ஏறினால் என் படிப்பும் ஆடும்.

அதனால் தொட்டியில் அசோலா விட்டேன். "ஏன்டா, பாசி தின்னா கோழி முட்டை போடுமா?" என்று கேட்டாங்க.

அசோலா பாசி அல்ல. நீரில் மிதக்கும் பெரணி. ஆனால் அதன் இலைக்குள் அனபீனா என்ற நீலப்பச்சைப்பாசி குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. உலர்ந்த எடையில் சுமார் 25 சதவீதம் புரதம்! ஸ்பைருலினா பாசியில் சுமார் 60. விலைதான் நமக்குக் கட்டாது.

பச்சை அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். எனவே தானியத்தை நிறுத்தக்கூடாது; கொஞ்சம் குறைக்கலாம். அதிலுள்ள கரோட்டினாய்டு மஞ்சள் கருவுக்கு நல்ல நிறம் தரும்.

படித்துவிட்டு வீட்டுக்கு என்ன கொண்டுவந்தாய் என்றால், இப்போதைக்கு ஒரு தொட்டிப் பச்சை என்பேன்!