வலங்கைமான் தந்த வாத்தியார்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும், "சாமி, பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்க்கலாம்?" என்று பெற்றோர் நம்மிடம் வருவர். கணிதமா, வணிகமா என்பதே பேச்சு. ஆசிரியப் பணி என்றாலோ முகம் வாடிவிடும். அழைத்தல் என்னும் சொல்லைக் குருக்களுக்கும் கன்னியர்க்கும் மட்டுமே ஒதுக்கிவிட்டோம் போலும்!

நம் வலங்கைமானில் இது வியப்பே. 1869-இல் இவ்வூரில் ஏழைப் புரோகிதர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். கும்பகோணத்தில் கற்று, சேலத்தில் ஆசிரியராகி, பின்னர் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். 1907-இல் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து பொதுவாழ்வில் புகுந்தார். ஆயினும் அவருள் இருந்த வாத்தியார் ஓய்வு பெறவில்லை. 1927-இல் இந்திய அரசின் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா சென்றவர், கரும்புத் தோட்டக் கூலிகளாய்ப் போன நம்மவரின் வழிவந்த பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி அரிதாயிருக்கக் கண்டார். அங்குள்ள இந்தியரிடமே நிதி திரட்டினார். 1929-இல் டர்பனில் திறக்கப்பட்ட சாஸ்திரி கல்லூரியில் உயர்நிலைப் பாடங்களோடு ஆசிரியர் பயிற்சியும் இடம்பெற்றது. எதைக் கற்பிப்பது என்பதோடு, யார் கற்பிப்பார் என்றும் எண்ணியிருக்கிறார்!

பெற்றோரே, தம்பி தங்கையருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கையில் பொழுது போவதறியாத பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா? மதிப்பெண் தாளோடு அதனையும் நம்மிடம் சொல்லுங்கள். பிறகு பிரிவைப் பற்றிப் பேசுவோம்.