பாடும் பொறியும் மறந்த நெஞ்சமும்

மறதிநோய் கண்ட முதியவர் ஒருவர் அமர்ந்திருக்கிறார். அவர் முன்னே சில பொத்தான்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பாடலின் பெயர். பாடல் ஒன்று ஒலிக்கத் தொடங்குகிறது. அது எந்தப் பாடல் எனக் கண்டு உரிய பொத்தானை அவர் அழுத்த வேண்டும். பாடலை இசைத்து, விடைக்குக் காத்திருந்து, சரியானபோது பாராட்டி, தடுமாறும்போது குறிப்புக் கொடுத்து உதவுபவர் மனிதர் அல்லர். மனித உடலின் மேற்பாதியைப் போலச் செய்து சக்கரங்களின்மீது பொருத்திய ரோபோ அது.

அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மாயா மட்டாரிச், அத்ரியானா தாபுஸ் ஆகியோர் நடத்தி, 2009ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்ட சோதனை இது. பங்கேற்ற முதியோர் மிகச் சிலரே; ஆனால் சோதனை பல மாதங்கள் தொடர்ந்தது. முதியவரின் திறனுக்கேற்ப ரோபோ விளையாட்டை எளிதாக்கியும் கடினமாக்கியும் வந்தது. அவர்களுடைய கவனம் நிலைத்தது. இன்னொன்றும் தெரிந்தது. அதே ரோபோவின் உருவத்தைத் திரையில் காட்டியபோது கொண்ட விருப்பத்தைவிட, எதிரே வந்து நின்ற ரோபோவிடமே அவர்கள் மிகுந்த விருப்பம் கொண்டனர். ஆஸ்திரேலியாவில் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தின் ராஜீவ் கோஸ்லா குழுவினரும் 'மட்டில்டா' என்னும் சிறு ரோபோவை முதியோர் இல்லங்களுக்குக் கொண்டுசென்று, பாட்டும் விளையாட்டும் வழியாகச் சோதித்துப் பார்த்தனர்.

மற்றவை மறந்தபின்பும் பாடல் மட்டும் எவ்வாறு எஞ்சுகிறது? நெடுநாள் பழகிய இசையை நினைவுகொள்ள உதவும் மூளைப் பகுதிகள் அல்சைமர் நோயில் ஒப்பீட்டளவில் குறைவாகவே சிதைகின்றன என ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் 2015இல் எடுத்துக்காட்டினர். புனித அகுஸ்தினார் தம் ஒப்புதல் நூலின் பத்தாம் பகுதியில் நினைவைப் பரந்த மாளிகையாகக் காண்கிறார். அம்மாளிகையின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும்போது, பாடல் வாழும் அறை இறுதியிலேயே இருள்கிறது போலும்.

இது எங்கோ தொலைவில் உள்ளோரின் துயரம் என எண்ணிவிட வேண்டாம். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுடன் வாழ்கின்றனர் என 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 1998இல் கொச்சியில் தோன்றிய பன்னாட்டு ஆய்வுக் குழுவொன்று '10/66' எனத் தனக்குப் பெயரிட்டுக்கொண்டது. மறதிநோயரில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, அவர்களைப் பற்றிய ஆய்வோ 10 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதே அப்பெயரின் பொருள். அக்குழு இந்தியக் கிராமங்களின் நிலையை அறியத் தேர்ந்த இடம் நம் வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் அப்பணியைச் செய்தனர்.

ஆள் இல்லாத வீடுகளைக் கொண்ட மேலைநாடுகளுக்கே ரோபோ வேண்டும். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சூழ்ந்த நம் வீட்டுக்கு அது எதற்கு என்று சிலர் வினவலாம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என விரியும் நம் தோல் தொழில் வட்டாரத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இட்டுத் தோல் பதனிட்ட தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. பின்வந்த காலத்தில் தொழில் காலணி உற்பத்தியாக விரிந்தது. காலணித் தொழிற்சாலைகளின் தையல் பிரிவில் அமர்ந்திருப்போரில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். முதியோரைப் பேணும் கடமையை நம் சமூகம் யார் தலையில் ஏற்றி வைத்ததோ, அவர்களையே விடியலில் கம்பெனி பஸ் ஏற்றிச் செல்கிறது.

முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுசெல்வது பங்குத்தந்தையரின் வழக்கம். அவ்வாறு நாம் சென்ற வீடொன்று வெளியே பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. உள்ளே, பெற்ற மகனையே யாரென்று கேட்கும் எண்பது வயது மூதாட்டி. இருமுறை அவர் தனியே நடந்து நெடுஞ்சாலை வரை போய்விட்டாராம். அதன்பின்னரே அந்தப் பூட்டு வந்தது. நாம் மாதா பாடல் ஒன்றைப் பாடினோம். அவர் சுவரையே நோக்கியிருந்தார். சாவி கொண்டுவந்த பெண்மணி தம் கைப்பேசியில் டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடிய பழைய திரைப்பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டார். மூதாட்டியின் விரல்கள் முழங்காலில் தாளமிட்டன. இரண்டாம் அடியில் குரலும் சேர்ந்தது. ஒரு சொல்லும் பிறழவில்லை. பாடல் முடிந்ததும் நம்மை நோக்கி, "சாப்பிட்டீங்களா, சாமி?" என்றார். அன்று நற்கருணையைக் கைகூப்பி வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப்பின் அவருடைய மருமகளிடம் இதைச் சொல்லி, பாடும் ரோபோவைப் பற்றியும் கூறினோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "அந்த மாதிரி ஒண்ணு கிடைச்சா வீட்டுல வெச்சுட்டுப் போகலாமா, சாமி? நாள் முழுக்க அத்தை தனியா இருக்காங்க. ஞாயிற்றுக்கிழமைதான் நான் அவங்க முகத்தைப் பகல் வெளிச்சத்துல பாக்கறேன்" என்றார்.

அன்புக்கு ஈடாக இயந்திரமா என்று எளிதில் கடிந்துரைப்போர் முதலில் அந்தப் பூட்டின்முன் நின்று பார்க்க வேண்டும். பூட்டிய அறையின் பகல் முழுதும் நீளும் அமைதியைவிடப் பாடும் பொறி மேலானதே. அது பொறி என்பதற்காக அதை நாம் வெறுக்கத் தேவையில்லை.

எனினும் சோதனையே நமக்கு வேறு சிலவற்றையும் கற்பிக்கிறது. திரையில் தோன்றிய உருவத்தைவிட எதிரே நின்ற உருவத்தை முதியோர் நாடினர். வார்த்தை மனுவுருவானார் என்று அறிக்கையிடும் திருச்சபைக்கு இது புதிய செய்தியன்று. இறைவன் தம் அன்பைத் தொலைவிலிருந்து அறிவிப்பதோடு நின்றுவிடவில்லை. உடலெடுத்து நம் நடுவே வந்தார். நினைவு தளர்ந்தோர்க்கும் அருகே ஓர் உடல் வேண்டும். கையைப் பற்ற ஒரு கை வேண்டும்.

ரோபோ சலிப்பதில்லை என்பதை அதன் சிறப்பாகக் கூறுவர். ஒரே கேள்வியை நாற்பது முறை கேட்டாலும் அது முகம் சுளிக்காது. சலித்துக்கொள்ள அதனுள் எவரும் இல்லை. தையல் எந்திரத்தின் முன் நாளெல்லாம் குனிந்திருந்து வீடு திரும்பி, சலிப்பு மேலிட்டும் நாற்பத்தோராம் முறையும் விடை சொல்லும் மருமகளிடமே பொறுமை என்னும் புண்ணியம் குடிகொண்டிருக்கிறது. செபமாலையில் ஒரே மன்றாட்டை ஐம்பது முறை சொல்லும் மக்கள் நாம். திரும்பத் திரும்பச் சொல்வது வீணன்று என்பதை நம் விரல்கள் அறியும்.

யாருக்கு எந்தப் பாடல் என்பதையும் பொறி தானாக அறியாது. உடனிருந்தவர் எவரேனும் சொல்ல வேண்டும். இலங்கை வானொலியில் கேட்ட திரைப்பாடலா, திருவிழாக் கொடியேற்றத்தில் ஒலித்த பாடலா, தவக்காலப் புலம்பலா? நம் அண்டை வீட்டு இசுலாமிய முதியவருக்கு அது நாகூர் ஹனிபாவின் குரலாக இருக்கலாம். இவற்றை முதியோர் தாமே சொல்லக்கூடிய காலத்தில் கேட்டு எழுதி வைப்பார் யார்? ஒவ்வோர் அன்பியமும் இதை ஏற்கலாம். இளைஞர் ஒரு குறிப்பேட்டுடன் வீடுதோறும் செல்லட்டும். சாதாரணக் கைப்பேசியும் சிறு ஒலிபெருக்கியும் போதும்; அருகே ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும், அவ்வளவே.

1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டுமெனக் கட்டளையிட்டது. தாய் வேலைக்குச் செல்லும்போது குழந்தைக்கு இடம் தேடிய சட்டம், அந்தத் தாயைப் பெற்றவரையும் அவள் கணவனைப் பெற்றவரையும் எண்ணவில்லை. வார நாட்களில் நம் பங்கு மண்டபங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கின்றன. வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் முறைவைத்து அமர்ந்தால், பகற்பொழுதில் முதியோர்க்கு அங்கே பாயும் பாட்டும் கஞ்சியும் கிடைக்கும். பல வீடுகளின் பூட்டுகள் திறக்கும்.

தாயும் தன் பிள்ளையை மறக்கக்கூடும் என்பதை இறைவாக்கினர் எசாயா அறிந்திருந்தார். மறவாதவர் ஒருவர் உண்டு என்பதே அவர் உரைத்த ஆறுதல். தம் பெயரையே மறந்தவரிடம் அந்த ஆறுதலை எம்மொழியில் உரைப்பது? அவருடைய பாடல் எதுவென அறிந்து, அருகமர்ந்து, அவரோடு சேர்ந்து பாடுவதே நம்மால் இயன்ற மொழி.